32-ஆம் தெருவில் கிராஜுவிட்டி

நேற்று ராத்திரி நியூயார்க்கில், மன்ஹாட்டன் கொரியா டவுனுக்கு ஆறு பேர் போய்விட்டு வந்தோம். வயிறு இன்னும் நிறைந்துதான் இருக்கிறது, பர்ஸ்தான் காலி. எரிச்சல் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன்.

எப்படிப் போவது, எங்கே சாப்பிடுவது, எவ்வளவு ஆகும் என்று வரிசையாக எழுதத்தான் உட்கார்ந்தேன். போவது சுலபம். ஜெர்சி சிட்டியில் பாத் (PATH) ரயில், அதாவது நியூஜெர்சியையும் மன்ஹாட்டனையும் இணைக்கும் ரயில், ஏறினால் கடைசி நிறுத்தம் 33-ஆம் தெரு. மேலே வந்து அடுத்துள்ள 32-ஆம் தெருவுக்குள் நுழைந்தால் வந்துவிட்டது. பிராட்வேக்கும் ஐந்தாம் அவென்யூவுக்கும் நடுவே, எம்பயர் ஸ்டேட் கட்டடத்தின் காலடியில், நீட்டி நடந்தால் ஐந்து நிமிஷத்தில் முடிந்துபோகிற தெரு. இதற்கா இவ்வளவு பில்டப் என்று எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது.

"மேலே பார்றா" என்றான் மதுரைக்காரன். பார்த்தேன். பெயர்ப்பலகைகள் மாடி மாடியாக ஏறிக்கொண்டே போகின்றன. கீழே பேக்கரி, அதற்கு மேலே கறி சுடும் கடை, அதற்கும் மேலே நொரேபாங், அதாவது பாட்டுப் பாடும் கரோக்கி அறை. கொரியர்கள் பெருமளவில் குடியிருப்பது ஃப்ளஷிங் பக்கமும் ஹட்சன் ஆற்றுக்கு அந்தப்புறம் நியூஜெர்சியில் பாலிசேட்ஸ் பார்க், ஃபோர்ட் லீ பக்கமும். இங்கே வருவது தின்ன, குடிக்க, பாட. தரைத்தளக் கடையில் ஒன்றரை மணி நேரம் காத்திருக்கச் சொன்னார்கள். லிஃப்டில் ஏறினோம், பத்தே நிமிஷத்தில் இடம் கிடைத்தது.

உட்கார்ந்ததும் கேட்காமலேயே சின்னச் சின்னக் கிண்ணங்கள் வந்து மேஜை நிறைந்துவிட்டது. கிம்ச்சி, முளைகட்டிய பயறு, மீன் அப்பளம் மாதிரி ஒன்று, உருளைக்கிழங்கு. இதற்குப் பெயர் பான்சான். காசு கிடையாது, தீரத் தீர வைப்பார்கள். நம் மெஸ்ஸில் கூட்டு பொரியல் வைப்பது போலத்தான். சைவத் தோழி ஆசையாகக் கிம்ச்சியை எடுத்தாள், நான்தான் தடுத்தேன். பார்க்க முட்டைக்கோஸ் ஊறுகாய்தான். ஆனால் பெரும்பாலும் உள்ளே உப்பில் ஊறிய இறாலோ மீன் சாறோ இருக்கும். அவளுக்குக் கறி இல்லாமல் கல்சட்டியில் பிபிம்பாப், அதாவது காய்கறி போட்டுக் கலந்து சாப்பிடும் சோறு, சொன்னோம். சட்டி மேஜைக்கு வந்த பிறகும் சோறு சடசடவென்று பொரிந்துகொண்டே இருந்தது. அடியில் பிடித்த காந்தலைக் கரண்டியால் சுரண்டி அவள் சாப்பிட்ட அழகைப் பார்த்து, கறி தின்ற எங்களுக்கே பொறாமை.

எங்களுக்குச் சம்கியோப்சால், அதாவது பன்றி வயிற்றுக் கறி. விரல் தடிமனுக்கு நீள நீளத் துண்டுகள். பரிமாறிய அம்மா ஒரு கையில் இடுக்கி, மறு கையில் கத்தரிக்கோல். ஆமாம், துணி வெட்டுகிற மாதிரி கத்தரிக்கோல். கறி பொன்னிறமானதும் சரக் சரக்கென்று வெட்டித் தள்ளினார். கொழுப்பு உருகி ஓடுகிற இடத்திலேயே பூண்டையும் கிம்ச்சியையும் போட்டார். அந்தக் கிம்ச்சியை கறியோடு கீரை இலையில் சுருட்டி வாயில் போட்டால், அப்புறம் பேச்சே இல்லை. இப்படிப் பரிமாறும் பெண்களைக் கொரியர்கள் 'இமோ' என்று கூப்பிடுவார்களாம். அம்மாவின் சகோதரி, நம் சித்தி. ஒருமுறை கூப்பிட்டுப் பார்த்தேன். சிரித்துவிட்டு இன்னொரு கிண்ணம் கிம்ச்சி வைத்தார்.

சோஜு என்கிற கொரிய மது பச்சை பாட்டிலில் வந்தது. நரைத்த மீசையோடு உட்கார்ந்திருந்தவனிடமும் 21 வயதுக்குச் சான்று கேட்டார்கள். அவனுக்கு ஒரே சந்தோஷம்.

பில் 262 டாலர், அதன் மேல் 8.875 சதவீத வரி. கீழே இன்னொரு வரியில் கிராஜுவிட்டி 52.40. கார்டு தேய்க்கும் திரை டிப்ஸ் எவ்வளவு என்று கேட்டது. நான் பெருந்தன்மையாக இருபது சதவீதத்தைத் தொட்டேன்.

நொரேபாங்கில் கொரியப் பாட்டு, ஆங்கிலப் பாட்டு எல்லாம் உண்டு, தமிழ் கிடையாது. செல்போனை மைக்கில் ஒட்டவைத்துப் பாடினோம். மணிக்கணக்கில் காசு. கொடுத்த காசுக்கு அங்கிருந்த தம்புரீனை, நம் கஞ்சிரா மாதிரி ஒன்று, கிழியக் கிழியத் தட்டினோம்.

நள்ளிரவு தாண்டினால் பாத் ரயில் ஹோபோகன் சுற்றித்தான் வரும். அங்கே நின்றிருந்தபோது எங்கள் கணக்குப்பிள்ளை பில்லை விரித்தாள்.

"கிராஜுவிட்டின்னா டிப்ஸ்தானே? அதை ஏற்கெனவே போட்டுட்டானே. மேல எதுக்குடா 67 டாலர் குடுத்த?"

நம்மூரில் கிராஜுவிட்டி என்றால் ஐந்து வருஷம் ஒரே கம்பெனியில் உழைத்தால் வருவது. இங்கே சில கடைகளில் ஆறு பேராக உட்கார்ந்தால் போதும், தானாகப் பில்லில் ஏறிவிடுகிறது. பில்லைக் கொடுத்தபோது யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை, அதுதான் ஆத்திரம்.

டிரைவர் இறங்கி ரயிலின் மறுமுனைக்கு நடந்து போனார். ஹோபோகனில் அப்படித்தான், முன்பக்கம் பின்பக்கமாகிவிடும். ரயில் வந்த வழியே கிளம்பியது.

"காசைத் திருப்பிக் கேக்கத்தான் போறோமா?" என்றான் மதுரைக்காரன்.