சார்ட் சரியா படிச்சேன், புஸ்தகம் படிக்க முடியல

தலையில அடிபட்டவங்க கண்ணு டெஸ்ட் சார்ட்ல கடைசி வரி வரைக்கும் படிச்சிட்டா கண்ணு நல்லா இருக்குன்னு அர்த்தம் இல்லைங்க, இத எனக்கு யாராவது முதல்லயே சொல்லியிருக்கலாம், அதான் எழுதுறேன்.

நான் தென்னாப்பிரிக்காவுல டர்பன் பக்கம் சாட்ஸ்வொர்த்ல கோயில்ல பிள்ளைகளுக்கு தமிழ் சொல்லிக் குடுக்குறேன். ஹிக்கின்சன் ஹைவேல பின்னால வந்த வண்டி இடிச்சு கன்கஷன், அதாவது மூளை குலுங்குன காயம், ஆயிருச்சு. சிடி ஸ்கேன் நார்மல், கன்கஷன்ல பெரும்பாலும் அப்படித்தான் வரும். ஆனா புஸ்தகத்த விரிச்சா எழுத்து ரெண்டு ரெண்டா பிரியுது, வரி தாவுது, கொஞ்ச நேரத்துல நெத்திவலி, குமட்டல், சூப்பர்மார்க்கெட்ல ரெண்டு பக்கமும் அடுக்கி வச்ச சாமானப் பாத்தாலே தலை சுத்தும். முதல்ல பாத்த டாக்டர் பவர் மாறல, ரெஸ்ட் எடுங்கன்னு அனுப்பிட்டாங்க.

கழுத்துக்கு பாத்த பிசியோ பொண்ணுதான், ரெண்டு கண்ணும் சேந்து வேலை செய்யுதான்னு பாக்குற ஆப்டோமெட்ரிஸ்ட்கிட்ட போங்க ஆன்ட்டின்னு சொல்லுச்சு. அவங்க ஒரு பேனாவ மூக்க நோக்கி மெதுவா கொண்டு வந்தாங்க. சாதாரணமா 5, 6 சென்டிமீட்டர் கிட்ட வர்ற வரைக்கும் ஒண்ணாத் தெரியணுமாம், எனக்கு ஒரு சாண் தள்ளி இருக்கும்போதே ரெண்டாயிருச்சு. கன்வர்ஜென்ஸ் இன்சஃபிஷியன்சி, அதாவது கிட்டப் பாக்குறப்ப ரெண்டு கண்ணும் உள்பக்கம் திரும்பிச் சேரணும், அது சேரல.

வீட்டுல பண்ணச் சொன்ன பயிற்சியில பிராக் ஸ்ட்ரிங்தான் எனக்கு உசிரு. நீளக் கயித்துல கலர் மணி கோத்திருக்கும், ஒரு முனைய கதவு கைப்பிடியில கட்டி இன்னொரு முனைய மூக்குநுனியில புடிச்சுக்கணும். ஒரு மணியப் பாத்தா கயிறு ரெண்டாத் தெரிஞ்சு சரியா அந்த மணியில எக்ஸ் மாதிரி வெட்டணும். மணிக்கு அந்தப்பக்கம் வெட்டுனா பார்வை தூரத்துலயே நிக்குது, ஒரு கயிறு காணாமப் போச்சுன்னா மூளை ஒரு கண்ண ஒதுக்கிருச்சு. கண்ணு என்ன பண்ணுதுன்னு நம்மளே பாத்துக்கலாம், வேற எந்தப் பயிற்சியிலயும் எனக்கு இந்தத் தெம்பு வரல.

வலி கூடுனா நிறுத்திரணும், பல்லக் கடிச்சுட்டு பண்ணக் கூடாதுன்னு கண்டிப்பா சொன்னாங்க. வீட்டுக்குள்ள நாள் முழுக்க கறுப்புக் கண்ணாடி போடவும் வேணாம்னாங்க, வெளிச்சம் இன்னும் கூசுமாம். தெரபிக்கு எங்க மெடிக்கல் எய்டு (மருத்துவக் காப்பீடு மாதிரி) பிளான்ல பணம் வரல, கைக்காசுதான். செலவு முடியாதவங்க வெஸ்ட்வில் கேம்பஸ்ல இருக்கற யுகேஇசட்என் (குவாசுலு-நட்டால் யுனிவர்சிட்டி) ஆப்டோமெட்ரி டிபார்ட்மென்ட்ல விசாரிச்சுப் பாருங்க.

இப்ப பக்கம் பக்கமா படிக்கிறேன். போர்டையும் நோட்டையும் மாத்தி மாத்திப் பாக்குறதுதான் இன்னும் லேட்டாகுது. ஒண்ணு மட்டும், தலைவலி கூடிட்டே போனாலோ வாந்தி நிக்கலேன்னாலோ புதுசா ரெண்டாத் தெரிஞ்சாலோ கயிறு மணின்னு உக்காராம நேரா ஆஸ்பத்திரிக்குப் போயிருங்க.