சிக்கரி விதை வேண்டாம், வேலிமசால் போதும்

இங்கிலாந்துப் பண்ணை வீடியோக்களைப் பார்த்துவிட்டு "ஹெர்பல் லே (புல்லும் பலவகைச் செடிகளும் கலந்து விதைத்த மேய்ச்சல் நிலம்) விதை நம்ம பக்கம் எங்கே கிடைக்கும்?" என்று கேட்கிறவர்கள் அதிகமாகிவிட்டார்கள். சென்னை மாதவரத்தில் குடியிருந்துகொண்டு மீஞ்சூர் தாண்டி கொஞ்சம் நெல்லும் சில மாடுகளும் வைத்திருக்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன், கிடைத்தாலும் வாங்காதீர்கள். யோசனையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

யோசனை பழையதுதான். 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஸ்காட்லாந்தின் எல்லைப் பகுதியில், கிளிப்டன் பார்க் பண்ணையில், ராபர்ட் எலியட் என்பவர் புல்லோடு குளோவர் என்ற பயறுவகைத் தீவனச் செடியையும், சிக்கரி மாதிரி ஆழமாக வேர்விடும் செடிகளையும் கலந்து விதைத்து, சில வருஷம் கால்நடைகளை மேயவிட்டு, அப்புறம் அதை உழுது தானியம் போட்டார். உரத்தை வெளியே வாங்குவதைக் குறைத்து மண்ணை வேராலேயே தேற்றுவதுதான் அவர் எண்ணம். நம்ம ஊரில் பலதானிய விதைப்பு செய்கிறவர்களுக்கு இது அரைவாசி தெரிந்த சங்கதி. அதில் பூக்கிற சமயத்தில் மடக்கி உழுதுவிடுகிறோம். இதில் வருஷக்கணக்கில் விட்டு வைத்து மாட்டுக்கும் கொடுக்கிறோம், அவ்வளவுதான் வித்தியாசம்.

அந்தக் கலவையில் ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை உண்டு. வயிறு நிறைய புல், தழைச்சத்துக்கு (நைட்ரஜன்) குளோவர், அடிமண்ணைத் துளைக்க சிக்கரி, மாட்டுக்கு வயிற்றுப் பொருமல் வராமல் பார்த்துக்கொள்ள டானின் என்ற துவர்ப்புப் பொருள் உள்ள செயின்ஃபாயின் செடி. இவையெல்லாம் குளிர்நாட்டுச் சரக்கு, நம்ம மே மாத வெயிலை எதிர்பார்த்துப் பிறந்தவை இல்லை. வேலைகளை மட்டும் வைத்துக்கொண்டு ஆளை மாற்றினால் போதும். புல்லுக்குக் கொழுக்கட்டைப்புல். பின்னால் சொன்ன மூன்று வேலையையும் வேலிமசால் ஒன்றே பார்த்துவிடும்: பயறுவகைச் செடி, ஆணிவேர், இலையில் டானினும் இருக்கிறது. கூட இன்னொரு பயறுவகைத் தீவனமான முயல்மசால், ஓரத்தில் படர கொஞ்சம் சங்குப்பூ. கம்பு நேப்பியர் புல் வேண்டாம். நல்ல தீவனம்தான், ஆனால் ஆளுயரம் வளர்ந்து மற்றதையெல்லாம் நிழலில் அமுக்கிவிடும். குதிரைமசாலும் (லூசர்ன்) தண்ணீர் நிற்கிற எங்கள் பக்கத்துக்கு ஒத்துவராது.

தண்ணீர் நிற்பது என்றதும் இடம் ஞாபகம் வருகிறது. கொழுக்கட்டைப்புல்லுக்கும் தேங்குகிற தண்ணீர் ஆகாது. பள்ளத்தை நெல்லுக்கு விட்டுவிட்டு, நெல் எப்போதும் சோர்ந்து போகிற மேட்டு நிலத்தை இதற்குக் கொடுங்கள். விதைப்பை ஐப்பசி வரை தள்ளாதீர்கள். வடகிழக்குப் பருவமழை ஒரே ராத்திரியில் கொட்டித் தீர்த்தால் மேலாக விதைத்த பொடி விதையெல்லாம் வாய்க்காலுக்குப் போய்விடும். ஆடி, ஆவணியில் சாயங்காலம் இடி இடித்துப் பெய்கிற மழையே முளைப்புக்குப் போதும், தீபாவளிக்குள் வேர் பிடித்துவிடும்.

வேலிமசால் விதையை அப்படியே போட்டால் தோல் கடினம், பாதி முளைக்காது. தண்ணீரைக் கொதிக்கவைத்து இறக்கி, சுமார் 80 டிகிரிக்கு வந்ததும் விதையை 5 நிமிடம் போட்டு வடித்து, ராத்திரி முழுக்க பச்சைத்தண்ணீரில் ஊறவையுங்கள். காலையில் விதை உப்பி, விரல் நுனியில் லேசாக வழுக்கும். கொழுக்கட்டைப்புல் விதை நேர்மாறு, பஞ்சு மாதிரி ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு கையை விட்டுப் போகாது, காற்றடித்தால் பக்கத்து வயலுக்குப் போகும். ஈரமணலில் பிசைந்து தூவுங்கள். புது விதையாக வாங்காதீர்கள், அதற்கு உறக்க காலம் உண்டு, போன வருஷத்து விதைதான் நன்றாக முளைக்கும். தீவன விதை பற்றி மாதவரம் பால்பண்ணை கால்நடைப் பல்கலைக்கழக வளாகத்தில் விசாரித்துப் பாருங்கள்.

இதற்கப்புறம்தான் கஷ்டமே, சும்மா இருக்க வேண்டும். வேலிமசாலுக்கு முதல் அறுப்பு 90 நாள் கழித்துத்தான். எங்கள் மாட்டைப் பார்த்துக்கொள்ளும் அண்ணன் வரப்பில் நின்றுகொண்டு, "பச்சையைக் கண்ணுல காட்டிட்டு மாட்டைக் கட்டிப்போட்டா அது சாபம் விடும் தம்பி" என்பார். "விடட்டும்ணே, வேர் இறங்கட்டும்" என்பேன். அதற்குப் பிறகும் அவிழ்த்துவிட்டு மேய்ப்பதைவிட அறுத்துப் போடுவதுதான் சின்ன நிலத்துக்குச் சரி. மாடு ருசியானதைத் தேடித்தேடி ஒட்டக் கடித்து, பிடிக்காததை விட்டுவிடும், ரெண்டு வருஷத்தில் பிடிக்காதது மட்டும்தான் மிஞ்சும். வேலிமசாலை முழங்கால் உயரத்தில் அறுங்கள், அடுத்த அறுப்பு 40 நாள் போல. மழைக்காலத்து இளம் பச்சையை வெறும் வயிற்றில் கொட்டாமல் முதலில் வைக்கோல் போடுங்கள்.

யூரியா தொடாதீர்கள். போட்டால் புல் மட்டும் எகிறும், பயறுவகை பின்தங்கிப் போகும். அப்புறம் எதற்குக் கலவை? கோடையில் போர் தண்ணீர் பாய்ச்சிப் பச்சையாக வைத்துக்கொள்ளலாம் என்ற கணக்கும் மீஞ்சூர் பக்கம் வேண்டாம். நிலத்தடி நீரை உறிஞ்சி உறிஞ்சி கடல்நீர் உள்ளே ஏறியது ஊரறிந்த விஷயம், வாயில் வைத்தாலே கரிக்கும். புல் காயட்டும், மழைக்குத் துளிர்த்துக்கொள்ளும்.

மூன்று நாலு வருஷத்தில் புல் கலைந்து கோரை தலைகாட்டும்போது உழுதுவிடுங்கள். மண்ணில் சேர்ந்த தழைச்சத்தை வாங்கிக்கொள்கிற பயிராக அடுத்து வரட்டும், கேழ்வரகோ கத்தரியோ. நிலக்கடலையும் பயறுவகைதான், அதைப் போட்டு இந்தத் தழைச்சத்தை வீணாக்காதீர்கள். உதிர்ந்த வேலிமசால் விதை அந்தப் பயிருக்குள்ளும் முளைக்கும், களையெடுக்கும்போது தனியாக ஒதுக்கி மாட்டுக்குப் போட்டுவிடலாம்.