ஸ்டேஷன் சிசிடிவி பதிவை வாங்கிய கதை

பைக் திருடு போன அன்றைக்கே ஸ்டேஷனுக்குப் போனேன். "நல்லா தேடிப் பாருங்க, நாளைக்கு வாங்க" என்றார்கள். புகார் வாங்கியதற்கான ரசீதான சி.எஸ்.ஆர். கைக்கு வந்தது நாலாம் நாள். இன்சூரன்ஸில் "ஏன் இவ்வளவு தாமதம்?" என்று பிடித்துக்கொண்டார்கள். ஸ்டேஷனில் கேட்டால், "அன்னிக்கு நீங்க வரவே இல்லையே சார்!" தலைக்கு மேலே கேமரா தொங்கிக்கொண்டிருந்தது.

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் (ஆர்.டி.ஐ.) மனு, பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை, பதிவுத் தபால் எல்லாம் தெரிந்த கதைதான். நான் கோட்டை விட்டது, "நான் வந்தபோது பதிவான காட்சிகள்" என்று மொட்டையாக எழுதியதில். "கோரிய தகவல் தெளிவாக இல்லை" என்று 29ஆம் நாள் பதில் வந்தது. தேதி, எத்தனை மணியிலிருந்து எத்தனை மணிவரை, எந்தக் கேமரா என்று எழுதுங்கள். இரண்டாம் மனுவில் சட்டை நிறத்தைக்கூட விடவில்லை.

இந்த முறை அதே சட்டத்தின் பிரிவு 8(1)(எச்)-ஐக் காட்டினார்கள்: புலன் விசாரணையில் உள்ளதால் தர இயலாது. நான் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் காட்சியைப் பார்த்துத் திருடன் தப்பிவிடுவானா? விசாரணை நடக்கிறது என்பது மட்டும் போதாது, தகவல் தந்தால் அது எப்படிக் கெடும் என்று காட்ட வேண்டும் என 2007இல் பகத் சிங் வழக்கில் டெல்லி உயர் நீதிமன்றம் சொன்னதை எடுத்து முதல் மேல்முறையீட்டில் போட்டேன். அடுத்தவர் முகம் தெரியும் என்பார்கள். அதற்குப் பிரிவு 10 இருக்கிறது, மறைத்துவிட்டுத் தரலாம்.

இதற்குள் பதிவு அழிந்துவிடுமோ என்று தூக்கமில்லை. 2020 ஜூனில் தந்தையும் மகனும் போலீஸ் காவலில் தாக்கப்பட்டு இறந்த சாத்தான்குளம் ஸ்டேஷனில் அன்றன்றைக்கே அழியும்படி வைத்திருந்தார்களே! அதே வருஷம் டிசம்பரில்தான் பரம்வீர் சிங் சைனி வழக்கில் உச்ச நீதிமன்றம், ஸ்டேஷன் கேமரா பதிவுகளை 18 மாதம் வைத்திருங்கள், எப்படியானாலும் ஒரு வருஷத்துக்குக் குறையக் கூடாது என்றது. இதைச் சுட்டிக்காட்டி, "பதிவை அழிக்காமல் பாதுகாக்கவும்" என்று மனு போடும் அன்றே தனிக் கடிதம் அனுப்புங்கள். எனக்கு அந்தப் புத்தி மூன்று வாரம் கழித்துத்தான் வந்தது.

அன்று வாகனச் சோதனை முடித்து வந்த எஸ்.ஐ. சட்டையில் மாட்டியிருந்த கேமராவின் பதிவையும் கேட்டிருந்தேன். "சார்ஜ் இல்லாததால் பதிவாகவில்லை." அதோடு அது முடிந்தது.

மேல்முறையீட்டில் சிடி வந்தது. பதினோரு நிமிடம். ஒலியும் பதிவாக வேண்டும் என்று அந்த சைனி தீர்ப்பே சொல்கிறது, இதில் சத்தமே இல்லை. போகட்டும். பைக் போயும் ஹெல்மெட்டும் கையுமாக நான் நிற்பது தெரிகிறது, மூலையில் தேதியும் மணியும் ஓடுகின்றன.

இன்சூரன்ஸ் ஆபீசில் சிடியை நீட்டினேன். "பென்டிரைவ்ல குடுங்க சார், இங்க சிடி ஓடாது" என்றார்கள்.