எங்கள் ஒழுங்கை வடிகான் பாதீட்டுக்குள் போன கதை

மட்டக்களப்பு கல்லடியில் கடலுக்கும் வாவிக்கும் நடுவே இருக்கிற ஒழுங்கைகளில் மாரிக்கு வெள்ளம் நிற்பது புதினமில்லை. மணல் நிலம்தான், ஆனால் நவம்பர், டிசம்பரில் நிலத்தடி நீர் மேலே ஏறிவிட்டால் மணலும் குடிக்காது. வடிகான் கேட்டு எங்கள் கிராம அபிவிருத்திச் சங்கம் வருடக்கணக்காக மனுக் கொடுத்து வந்தது. சங்கச் செயலாளர் வேலை என் தலையில் விழுந்த பிறகு, மனு எழுதுவதை விட்டு, காசு எந்த வழியால் வருகிறது என்று விசாரிக்கத் தொடங்கினேன். வேறு வட்டாரக்காரருக்கும் உதவும் என்று எழுதுகிறேன்.

முதல் கேள்வி, வீதி யாருடையது? ஏ, பி தர வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கு, சி, டி மாகாணத்துக்கு, மிச்சமான உள்வீதிகள் உள்ளூராட்சி சபைக்கு. எங்கள் ஒழுங்கை மாநகர சபையின் கணக்கில் வருகிறது. ஆனால் தண்ணீர் வாவிக்குப் போக, கல்முனைப் பக்கம் போகும் ஏ4 வீதியை ஒரு மதகு வழியாகக் கீழால் தாண்ட வேண்டும். அந்த மதகு வீதி அபிவிருத்தி அதிகார சபையின் பொறுப்பு. பழைய மனுக்களில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

அடுத்தது காசு. சோலைவரி (வீடு, வளவுக்குச் சபை அறவிடும் வரி), வியாபார உரிமக் கட்டணம், கடை வாடகை எல்லாம் சபையின் சொந்த வருமானம். முத்திரைத் தீர்வையும் நீதிமன்றத் தண்டப்பணமும் மாகாணம் ஊடாக வந்து சேரும். சபையின் சம்பளச் செலவுக்கும் அந்த வழியால் உதவி உண்டு. பாராளுமன்ற உறுப்பினர்கள் ஊர் வேலைகளுக்குச் சிபாரிசு செய்யும் பன்முகப்படுத்தப்பட்ட நிதி தனி. அது பிரதேச செயலகம் வழியாக வரும். சங்கத்துக்குக் கதிரை, ஒலிபெருக்கி வாங்க அது நல்லது. நீள வடிகானுக்கு அதை நம்பிக் காத்திருப்பது வீண் என்பது என் எண்ணம். சோலைவரியை ஜனவரி 31க்குள் முழுதாகக் கட்டினால் நூற்றுக்குப் பத்து கழிவு கிடைக்கும். இதைச் சொல்லியே ஒழுங்கையில் நிலுவை வைத்திருந்த சில வீடுகளைக் கட்ட வைத்தோம். கேட்கப் போகிறவர்கள் பாக்கிக்காரராக இருந்தால் குரல் எடுபடாது பாருங்கள்.

எல்லோரும் மனுவில் முதலில் எழுதுவது டெங்கு. எங்கள் பி.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) அதைப் படித்துவிட்டுச் சிரித்தார். டெங்கு நுளம்புக்குப் பிடித்தது தெளிந்த தண்ணீர்: சிரட்டை, டயர், கூரைப் பீலி, பூச்சாடித் தட்டு. ஊத்தைத் தண்ணீர் தேங்கும் வடிகானில் பெருகுவது பெரும்பாலும் வேறு இனம். அதோடு நுளம்பு பெருக விடுவதைத் தடுக்கும் 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டப்படி, வளவைத் துப்புரவாக வைக்காத வீட்டுக்காரர் மீதே வழக்கு வரும். “டெங்கு என்று எழுதினால் நான் உங்கள் வளவுக்குள்தான் முதலில் வருவேன்” என்றார். வந்தார், இரண்டு வீட்டுக்கு எச்சரிக்கையும் கொடுத்தார்!

உண்மையான சுகாதாரக் காரணத்தை அவரே காட்டினார். எங்கள் பக்கம் மலசலகூடக் குழியும் கிணறும் ஒரே வளவில். வெள்ளம் ஏறினால் இரண்டும் ஒன்றாகிவிடும். கிணற்று நீரின் மாதிரி எடுத்து அனுப்பி, அந்த அறிக்கையைச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையின் கடிதத்தோடு மனுவில் இணைத்தோம். அந்தப் பணிமனை மாகாணச் சுகாதாரத் துறைக்குக் கீழ், வடிகான் சபைக்குக் கீழ். ஒருவர் காசை மற்றவர் செலவழிக்க முடியாது. ஆனால் ஒருவரின் கடிதம் மற்றவரின் மேசையில் எடை கூடும். முழு அலைச்சலிலும் மிகப் பயன்பட்ட விஷயம் இதுதான்.

2023 மார்ச்சில் சபைகளின் காலம் முடிந்து, 2025 மே 6 தேர்தல் வரை உறுப்பினர்களே இல்லை. அந்தக் காலத்தில் எல்லாம் அதிகாரிகள் மட்டத்தில்தான். எங்கள் கோப்பு ஒரு கந்தோரில் காணாமல் போனதும் அப்போதுதான். கையில் பிரதி இருந்தபடியால் தப்பினோம். தகவல் கேட்டால் பதினான்கு வேலை நாட்களுக்குள் பதில் தர வேண்டும் என்று 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் சொல்கிறது. விண்ணப்பத்தைக் கொண்டுபோய்க் கொடுத்ததும் கோப்புக்கு உடனே கால் முளைத்தது.

தேர்தலுக்குப் பிறகு வட்டார உறுப்பினர் வந்தார். அவரிடம் நாங்கள் கேட்டது ஒன்றே ஒன்று: தொழில்நுட்ப உத்தியோகத்தரை அனுப்பி மட்டம் பார்த்து மதிப்பீடு போடச் சொல்லுங்கள். மதிப்பீடு இல்லாத வேலைக்குப் பாதீட்டில் எந்தத் தொகையை எழுதுவது? வந்தவர் அளந்து பார்த்து, ஒழுங்கையின் நடுப்பகுதி தாழ்வு, இப்படியே கட்டினால் வடிகான் இல்லை, நீளத் தொட்டிதான் என்றார். மதகு மட்டத்துக்கு ஏற்றபடி திருத்தி, இரண்டு கட்டமாகப் பிரித்தார். இதில் ஒழுங்கைக்குள்ளேயே சண்டை. முதற் கட்டம் மதகுப் பக்கம் தொடங்கும். அதிக வெள்ளம் நிற்கிற உள்வீடுகள் இரண்டாம் கட்டத்தில். உள்வீட்டு அக்காமார் கொதித்தார்கள். தண்ணீருக்குப் போக்கு வெட்டாமல் உள்ளே கட்டினால் அது அடுத்த ஒழுங்கைக்குள் போகும் என்று விளக்க, கூட்டம் இரவு வரை இழுத்தது. ஒருவர் இன்னும் என்னோடு கதைப்பதில்லை.

பாதீடு வரைவை மக்கள் பார்வைக்கு வைத்தபோது போய்ப் பார்த்தேன். முதற் கட்டம் எங்கள் வட்டாரத்தின் கீழ் இருந்தது, கேட்டதைவிடக் குறைந்த தொகையோடு. மூடிபோடும் செலவை வெட்டியிருந்தார்கள். அது தேவை என்று எழுத்தில் கொடுத்துவிட்டு வந்தோம். மதகைத் துப்புரவாக்கும் கடிதம் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்குத் தனியாகப் போயிருக்கிறது. இரண்டாம் கட்டத்துக்கான கோப்பைப் புதிதாகக் கட்டத் தொடங்கிவிட்டோம், இந்த முறை எல்லாவற்றுக்கும் மூன்று பிரதி.