கொல்லையில் நின்ற மொட்டை மரம்

மதுரைக்கு மேற்கே நாங்கள் வாங்கிய பழைய வீட்டின் கொல்லையில் ஒரு மரம் கிளைகள் எல்லாம் கழிக்கப்பட்டு மொட்டையாக நின்றது. இலை, பூ, காய் எதுவும் இல்லை. விற்றவர் வேம்பு என்றார். பக்கத்து வீட்டுக்காரர் தேக்கு, விட்டுடாதீங்க என்றார். கொத்தனாரோ வேலைக்கு இடைஞ்சல், வெட்டிவிடலாம் என்றார். என்ன மரம் என்றே தெரியாமல் வெட்ட எனக்கு மனம் வரவில்லை.

முதலில் பட்டையைப் பார்த்தேன். சாம்பல் கலந்த பழுப்பு, ஆழமான வெடிப்புகள். தூரத்தில் பார்த்தால் வேம்பு என்றுதான் யாரும் சொல்வார்கள். கிட்டப் போய் நகத்தால் அழுத்தினால் தக்கை மாதிரி உள்ளே போனது. வேப்பம்பட்டை அப்படி அமுங்காது. ஆனாலும் பட்டையை மட்டும் நம்ப முடியாது; ஒரே மரத்தில் இளசில் ஒரு மாதிரியும் முற்றியபின் வேறு மாதிரியும் இருக்கும்.

சுவரோரம் குவித்துப் போட்டிருந்த கழிவுக் கிளைகளில்தான் விஷயம் கிடைத்தது. குச்சியில் இலை உதிர்ந்த தழும்புகள் எதிரெதிராக, ஜோடி ஜோடியாக இருந்தன. வேம்பில் அவை மாறி மாறி வரும். ஆக, வேம்பு இல்லை. தேக்குக்கும் எதிரிலைதான் என்பதால் பக்கத்து வீட்டுக்காரர் சொன்னதைத் தள்ளிவிட முடியவில்லை.

அடுத்த நாள் மணிக்கட்டுப் பருமனுள்ள ஒரு கிளையை ரம்பத்தால் குறுக்கே அறுத்தேன். ரம்பத்தூளே மஞ்சளாகக் கொட்டியது. அறுத்த முகத்தைப் புது பிளேடால் மெல்லச் சீவி, ஈரம் தொட்டு, பத்து மடங்கு லென்ஸ் வைத்துப் பார்த்தேன். (சீவாமல் பார்த்தால் ரம்பக் கீறல் தவிர ஒன்றும் தெரியாது. முதல் அரை மணி நேரம் அப்படித்தான் போனது.) தேக்கில் வருட வளையம் தொடங்கும் இடத்தில் பெரிய துளைகள் வரிசை கட்டி நிற்கும், வெறும் கண்ணுக்கே தெரியும். இதில் துளைகள் பொடிப்பொடியாக, எங்கும் ஒரே சீராகச் சிதறிக் கிடந்தன. தேக்கின் எண்ணெய் வாசனையும் இல்லை. தேக்கும் போயிற்று.

மஞ்சள் கட்டை, தக்கைப் பட்டை, எதிரிலை. மூன்றும் சேர்ந்தபோது மனதில் ஒரு பெயர் வந்தது. உறுதிப்படுத்த, தூரோரம் மண்ணைப் பறித்து விரல் தடிமனில் ஒரு வேரின் தோலைச் சுரண்டினேன். உள்ளே பளிச்சென்ற மஞ்சள். வெற்றிலைச் சுண்ணாம்பைக் குழைத்து அதன்மேல் தடவினேன். கண்ணெதிரே சிவப்பேறியது. அந்தக் காலத்தில் துணிக்குச் சிவப்புச் சாயம் ஏற்ற இந்த வேர்த்தோலையும் பயன்படுத்தினார்கள்.

கதவு பார்க்க வந்த ஆசாரியிடம் அறுத்த துண்டை நீட்டினேன். கையில் எடுத்ததுமே சொன்னார்: "மஞ்சணத்தில்ல தம்பி இது! நுகத்தடிக்கு இதத்தான் தேடிப் போவோம். கனம் இருக்காது, மாட்டுக் கழுத்த உறுத்தாது. இதப் போயி வெட்டச் சொன்னது யாரு?"

என் மனதில் வந்த பெயரும் அதுதான்: மஞ்சணத்தி. வட மாவட்டங்களில் இதை நுணா என்பார்கள். தென்னாட்டுக் காட்டோரத்தில் தானாக முளைத்து, தண்ணீர் கேட்காமல் நிற்கும் மரம்.

கொத்தனாரிடம் சொல்லிச் சுவரை இரண்டடி தள்ளிக் கட்டச் செய்தேன். ஆடி கழிவதற்குள் வெட்டுவாய்க்குக் கீழே தளிர் வந்தது, எதிரெதிராக இரண்டிரண்டு இலை.