தாத்தா வாசலிலிருந்து பார்த்த மலை

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் நாங்கள் இருந்த ரப்பர் தோட்டத்தில் கார்த்திகைக்கு எல்லாரும் லயத்து வரிசை வீடுகளின் வாசலில் அகல் ஏற்றுவார்கள். தாத்தா மட்டும் ஒரு விளக்கைத் தனியாக எடுத்துப்போய் மேற்கே பால்மரங்களைப் பார்த்து வைப்பார், அண்ணாமலை அந்தப் பக்கம்தான் என்று. திருவண்ணாமலைக்குப் பக்கத்துக் கிராமம் அவருக்கு, வீட்டு வாசலில் நின்றாலே மலையுச்சித் தீபம் தெரியும் என்பார். கப்பலேறி வந்தவர் ஊர் திரும்பவே இல்லை.

போன மாசிப் பௌர்ணமிக்கு அம்மாவைக் கூட்டிப் போனேன். தாத்தாவின் ஒரே மகள், 71 வயது. கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர், முடியுமா அம்மா என்றதற்கு, "பால் எடுக்க மரம் வெட்டுனப்ப நடக்காத நடையாடா?" என்று செருப்பைக் கழற்றிப் பையில் வைத்துவிட்டார்.

ராஜகோபுரத்தின் முன் கற்பூரம் ஏற்றிவிட்டு இரவு ஒன்பது மணிக்குக் கிளம்பினோம். வழி முழுக்க மலை நமக்கு வலப்பக்கமே வரும், எட்டுத் திசைக்கும் ஒரு லிங்கம், இந்திர லிங்கத்தில் ஆரம்பித்து ஈசானிய லிங்கத்தில் முடியும். இங்கே மலையே சிவம் என்பதால் மற்ற கோயில்களில் பிரகாரம் சுற்றுவதுபோல இங்கே மலையைச் சுற்றுகிறார்கள். ரமணாசிரமத்து வாசலில் கொஞ்சம் உட்கார்ந்தோம். 1896இல் 16 வயதுப் பையனாக இங்கே வந்த ரமண மகரிஷி, 1950இல் சமாதியாகும் வரை 54 வருடம் இந்த மலையை விட்டுப் போகவே இல்லை என்று சொன்னேன். அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "இவர் வந்தவர் போகல, எங்கப்பா போனவர் வரல" என்றார்.

ஆதி அண்ணாமலை தாண்டியதும் என் கால்தான் கெஞ்சியது. அம்மா பஞ்சாட்சரம் சொல்லிக்கொண்டே முன்னால் போய்க்கொண்டிருந்தார், சுற்றி முடிக்க மணி மூன்று. நம் ஊரிலிருந்து வயதானவர்களை அழைத்துப் போகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன், பௌர்ணமிதான் வேண்டும் என்றில்லை, அன்றைக்கு நெரிசல் தாங்காது. சாதாரண நாளில் நிதானமாக நடக்கலாம், தரிசனமும் நிம்மதியாகக் கிடைக்கும். நாங்கள் அண்ணாமலையாரைப் பார்க்க மறுநாள் பல மணி நேரம் வரிசையில் நின்றோம். பஞ்சபூதத் தலங்களில் இது நெருப்பு, கருவறைப் பக்கம் போனதுமே அந்தச் சூடு முகத்தில் பட்டது. அம்மா தாத்தா பெயரைச் சொல்லி அர்ச்சனை செய்தார்.

ஊர் திரும்புவதற்கு முன்னால் தாத்தாவின் கிராமத்துக்கு ஒரு வண்டி பேசிப் போனோம். சொந்தம் என்று சொல்ல யாரும் இல்லை, எது அவர் வீடு என்றும் தெரியாது. ஏதோ ஒரு வீட்டு வாசலில் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்துவிட்டு அம்மா திரும்பிப் பார்த்தார். மலை தெரிந்தது.