புல் வெட்டும் வண்டியை அணைத்தால் வெடிச்சத்தம்: எட்டு மாத அலைச்சல்

சாவியை அணைப்பேன். இன்ஜின் சத்தம் இறங்கும். இரண்டு மூச்சு விடும் நேரம்தான், சைலன்சருக்குள் 'டமார்' என்று லட்சுமி வெடி மாதிரி ஒரு சத்தம். முதல் தடவை டயர்தான் வெடித்துவிட்டது என்று இறங்கிக் குனிந்து பார்த்தேன். அதற்கப்புறம் எட்டு மாதம் ஒவ்வொரு தடவையும் சாவியில் கை வைக்கவே பயம்.

பக்கத்து வீட்டு அக்காவின் மகள் தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள். பிறந்து இருபது நாள் ஆன குழந்தை. ஒவ்வொரு வெடிக்கும் அது வீறிட்டு அழும். "தம்பி, ஒரு மாசத்துக்குப் புல்லு வெட்டாம இரேன்பா" என்று அக்கா கேட்ட அன்று எனக்குச் சாப்பாடே இறங்கவில்லை. புதுச்சேரியில் பாகூர் பக்கம் நான் பார்த்துக்கொள்ளும் தோட்ட வீட்டில் ஒன்றரை ஏக்கர் புல்தரை. மழைக்காலத்தில் பத்து நாள் விட்டால் முழங்காலுக்கு வரும். வெட்டாமல் இருக்க முடியாது.

எல்லாம் ஃபெஞ்சல் புயலோடு தொடங்கியது. 2024 நவம்பர் 30 இரவு புயல் கரையைக் கடந்தது. அடுத்து சாத்தனூர் அணையிலிருந்து திறந்துவிட்ட தண்ணீரில் தென்பெண்ணை கரைபுரண்டது. எங்கள் கொட்டகைக்குள் முழங்கால் அளவு தண்ணீர். உட்கார்ந்து ஓட்டும் மோவர் இரண்டு நாள் அதில் நின்றது. தண்ணீர் வடிந்ததும் ஆயில் மாற்றினோம், பிளக் மாற்றினோம். ஸ்டார்ட்டர் சுற்றியது, இன்ஜின் பிடிக்கவில்லை. குட்டியானையில் ஏற்றி கடலூரில் ஒரு ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோனேன். அவர்கள் வைத்திருந்தது ஒன்பது நாள். "ஒயரிங்ல தண்ணி பூந்துடுச்சு, சரி பண்ணியாச்சு" என்றார்கள். வண்டி ஓடியது. என்ன செய்தார்கள் என்று நான் கேட்கவில்லை. அந்தக் கேள்வியை அன்றைக்கே கேட்டிருக்க வேண்டும்.

வெடிக்க ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான். அதே ஒர்க்‌ஷாப்புக்குப் போன் செய்தால், "இப்ப வர்ற எத்தனால் பெட்ரோல் பண்ற வேலை" என்றார்கள். இப்போது பெட்ரோல் பங்குகளில் வருவது 20 சதவீத எத்தனால் கலந்தது, அது உண்மைதான். மாதக்கணக்கில் டேங்கில் நின்றால் கெட்டுப்போகும் என்பதும் உண்மை. பழையதை வடித்துவிட்டுப் புதிதாக ஊற்றினேன், பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்கு அனுப்பும் கார்புரேட்டரைச் சுத்தம் செய்தேன். வெடித்தது. ஒரு பைக் மெக்கானிக் சைலன்சர் கேஸ்கெட் மாற்றினார். வெடித்தது. இன்னொருவர், "ஸ்லோவுல ஒரு நிமிஷம் ஓடவிட்டு ஆஃப் பண்ணுங்க" என்றார். சில நாள் வெடிக்காது, சில நாள் வெடிக்கும். அது இன்னும் மோசம், எப்போது என்றே தெரியாது. இதற்குள் சைலன்சரின் தையல் ஓரம் விரல் நீளத்துக்குப் பிளந்துவிட்டது. கீழே காய்ந்த புல்தூள் அப்பிக்கிடக்கும் வண்டி அது. ஒரு பொறி போதும்.

இந்த இன்ஜின் எப்படி நிற்கிறது என்று யாராவது முதலிலேயே சொல்லியிருந்தால் பாதி செலவு மிச்சமாகியிருக்கும். சாவியை அணைத்தால் பிளக்கில் பொறி நின்றுவிடும். ஆனால் இன்ஜினோடு சேர்ந்து சுற்றும் கனமான சக்கரம் உடனே நிற்காது, இன்னும் பல சுற்றுகள் சுற்றும். அந்தச் சுற்றுகளில் பிஸ்டன் பெட்ரோலை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். எரியாத அந்தப் பெட்ரோல் கொதிக்கும் சைலன்சருக்குள் போய் அங்கே பற்றிக்கொள்ளும். இதைத் தடுக்கத்தான் இந்த மாதிரி வண்டிகளில் கார்புரேட்டர் கிண்ணத்தின் அடியில் கட்டைவிரல் அளவில் ஒரு சோலனாய்டு, அதாவது கரண்டில் வேலை செய்யும் வால்வு, வைத்திருக்கிறார்கள். கரண்ட் வந்தால் உள்ளே இருக்கும் ஊசி கீழே இறங்கி, பெட்ரோல் போகும் சின்னத் துளையான ஜெட்டைத் திறக்கும். கரண்ட் போனால் ஸ்பிரிங் ஊசியை மேலே தள்ளி ஜெட்டை அடைக்கும்.

இதைத் தெரிந்துகொண்ட அன்றே சோதித்தேன். ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் ஆன் செய்தால் கார்புரேட்டர் பக்கம் 'டிக்' என்று கேட்க வேண்டும். கேட்டது. சோலனாய்டு நல்லாயிருக்கிறது என்று முடிவு கட்டினேன். இதில்தான் ஏமாந்தேன். நீங்கள் ஏமாறாதீர்கள். அந்த டிக்கை நம்பி இரண்டு மாதம் வேறெதையெல்லாமோ கழற்றிக்கொண்டிருந்தேன்.

கண்டுபிடித்தவர் நெல்லித்தோப்பில் ஜெனரேட்டர் வேலை செய்யும் ஒரு பெரியவர். "மோவர் எனக்குத் தெரியாது தம்பி, பெட்ரோல் இன்ஜின் தெரியும்" என்றுதான் வந்தார். நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, "டிக் கேட்டா போதுமா? கண்ணால பாத்தியா?" என்றார். இன்ஜின் ஆறியபின் பெட்ரோல் குழாயை மடக்கிக் கட்டினார், கீழே ஒரு எவர்சில்வர் தட்டு வைத்தார், ஸ்பேனரைப் போட்டு அந்தச் சோலனாய்டைக் கழற்றினார். உள்ளங்கையில் வைத்து வெளிச்சத்தில் திருப்பிக் காட்டினார். ஊசி இருக்க வேண்டிய இடத்தில் ஒரு மொட்டைக் கட்டை. நுனி கட்டிங் பிளேயரால் நறுக்கியது அப்பட்டமாகத் தெரிந்தது. சுற்றிலும் மங்கலான உலோகம், நறுக்கிய முகம் மட்டும் பளபளவென்று.

"ஊசியவே வெட்டிப்புட்டானுங்க தம்பி."

அப்போதுதான் எல்லாம் புரிந்தது. வெள்ளத்துக்குப் பிறகு சோலனாய்டுக்குக் கரண்ட் போகும் கனெக்டர் பச்சை பூத்துக்கிடந்திருக்கிறது. கரண்ட் போகவில்லை, ஊசி இறங்கவில்லை, பெட்ரோல் வரவில்லை, அதனால்தான் இன்ஜின் பிடிக்கவில்லை. கனெக்டரைத் தேடிப் பார்க்காமல் ஊசியை வெட்டி வழி திறந்துவிட்டு, ஒயரிங் வேலை என்று பில் போட்டிருக்கிறார்கள். பிறகு ஒரு நாள் பேட்டரி மாற்றியபோது பக்கத்துத் தெருத் தம்பி ஒருவன் உப்புத்தாள் போட்டு எல்லாக் கனெக்டரையும் தேய்த்துச் சுத்தம் செய்தான். அதனால் எனக்கு டிக் கேட்டது. ஊசி இல்லாத கட்டை மேலும் கீழும் போய்க்கொண்டிருந்தது, அவ்வளவுதான். அந்தக் கனெக்டரை முதலிலேயே தேய்த்திருந்தால் ஐந்து நிமிடத்தில் முடிந்திருக்கும். எனக்கு இன்னும் ஆறவில்லை.

புது சோலனாய்டு வாங்குவதில் இன்னொரு அடி. அவசரத்தில் பழையதை எடுத்துக்கொள்ளாமல் சென்னைக்கு பஸ் ஏறினேன். ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் கடை கடையாக ஏறி இறங்கி, ஒரு கடையில் "இத்தனை எச்பி" என்று சொல்லி வாங்கிவந்தேன். மரை சேரவில்லை. கடைக்காரர் திருப்பி எடுக்க மறுத்துவிட்டார். ஒரு நாளும் பணமும் போனது. இன்ஜின் மேலே மாடல், டைப், கோட் (code) என்று மூன்று எண்கள் பதித்திருக்கும். மூன்றையும் போட்டோ எடுத்து அனுப்பி ஆர்டர் செய்தபோதுதான் சரியானது வந்தது. மாடலை மட்டும் சொன்னால் போதாது.

மாட்டுவதற்கு முன் பெரியவர் சொன்னபடி பேட்டரியில் வைத்துப் பார்த்தேன். சோலனாய்டின் உலோக உடம்பை நெகட்டிவில் தொட்டு, ஒயரை பாசிட்டிவில் வைத்தால் ஊசி உள்ளே போகிறது, எடுத்தால் துள்ளி வெளியே வருகிறது. கார்புரேட்டரிலிருந்து தள்ளி, பெட்ரோல் வாடை இல்லாத இடத்தில் இதைச் செய்யுங்கள். கிண்ணத்தின் வாஷரையும் புதிதாகப் போடுங்கள், பழையது கசிந்தது.

இன்னொன்று. எப்போதும் ஸ்லோவில் வைத்துத்தான் அணைக்க வேண்டும் என்று நானும் நம்பியிருந்தேன். சோலனாய்டு அடைப்பது மெயின் ஜெட்டை. ஸ்லோவில் ஓடும்போது பல கார்புரேட்டர்களில் பெட்ரோல் வேறு சின்ன வழியாக வரும். அதனால்தான் சில வண்டிகளின் புத்தகத்தில் திராட்டிலை (வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் லீவரை) பாதிக்கு மேல் வைத்து அணைக்கச் சொல்கிறார்கள். உங்கள் வண்டிப் புத்தகத்தைப் பாருங்கள்.

மாட்டி முடித்த அன்று சாயங்காலம் அரை மணி நேரம் வெட்டினேன், சைலன்சர் நன்றாகச் சூடாகட்டும் என்று. சுவரோரம் அக்கா குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றிருந்தார். நான் கையைக் காட்டியதும் குழந்தையின் காதைப் பொத்திக்கொண்டார். சாவியை அணைத்தேன். சத்தம் இறங்கியது, சக்கரம் நின்றது. கொஞ்ச நேரம் இரண்டு பேரும் அப்படியே நின்றோம். பிறகு அக்கா காதிலிருந்து கையை எடுத்தார்.

பிளந்த சைலன்சரை இன்னும் பற்றவைக்கவில்லை. அதற்கும் அந்தப் பெரியவரிடம்தான் போகப்போகிறேன்.